பார்சல் கயிறு

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடப் பை தைக்கும் அந்த மிஷினோடு மல்லுக்கட்டாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! கப்பலில் இருக்கும் மாப்பிள்ளை சௌக்கியம்தானே? நம் வக்கீலம்மா ஒழுங்காகப் பால் குடிக்கிறாளா, இல்லை பூனைக்கு ஊற்றிவிட்டு வெறும் டம்ளரைக் காட்டுகிறாளா? பத்து வயதில் அந்தக் குறுக்கு விசாரணை! அவளுக்கு நான் வைத்த பட்டப்பெயர் பலிக்காமல் போகாது.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உள்ளே அவளுக்கு ஒரு ஜோடி பந்தாட்ட பூட்ஸ். எங்கள் அணித் தலைவர் என் தோளில் கை போட்டு, "அண்ணே, உங்க தங்கச்சி பொண்ணுக்கு இதுதான் கச்சிதமா இருக்கும்" என்று அவரே தேர்ந்தெடுத்தது. (கடைக்கு வர அவருக்கு நேரமில்லை. மனதால் தேர்ந்தெடுத்தார்.)

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நீ இருந்திருக்க வேண்டும். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார். இருபத்திரண்டு ஆட்டக்காரர்களும் நிற்கிறார்கள். முப்பதாயிரம் பேர் மூச்சுவிடவில்லை. எல்லாருடைய கண்ணும் என்மேல். நான் இரண்டு பக்கத்துக் கோலையும் ஒரு பார்வை பார்த்தேன். லேசாகத் தலையை அசைத்தேன். அதற்கப்புறம்தான் விசில். என் தலை அசையாமல் இந்த மைதானத்தில் ஒரு பந்து நகர்ந்தது கிடையாது. எட்டாம் வகுப்போடு நான் நின்றபோது "இவன் தேறமாட்டான்" என்று சொன்ன கணக்கு வாத்தியாரை வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று ஆசை.

கைகுலுக்க ஆள் காத்திருக்கிறது. முடிக்கிறேன்.

மைதான நிர்வாகத்தின் வலது கையான
உன் அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மா நலம், முழங்கைக்குத் தைலம் போடுகிறாள். பூனையும் நலம். நீங்கள் நலமா?

பூட்ஸ் சரியாக இருக்கிறது. வலது காலில் மட்டும் கொஞ்சம் காகிதம் வைத்திருக்கிறேன். நீங்கள் கட்டிய முடிச்சை என்னால் அவிழ்க்கவே முடியவில்லை. கத்தரிக்கோல் எடுத்தேன், அம்மா கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். அவளே பொறுமையாக அவிழ்த்தாள். எப்போதும் அவள்தான் அவிழ்க்கிறாள். கயிற்றைத் தூக்கிப் போடவும் விடமாட்டாள்.

மாமா, மூன்று கேள்விகள். ஒன்று, மைதானத்தில் உங்கள் மேஜை எந்த அறையில் இருக்கிறது? இரண்டு, அணித் தலைவர் உங்களை அண்ணே என்கிறார். ஆனால் போன வருஷம் அவர் உங்களை ஐயா என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எது சரி? மூன்று, நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம்?

மூன்றாவது கேள்வி அவசரம். வகுப்பில் 'நான் வியக்கும் மனிதர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். உங்களைப் பற்றி எழுதி எல்லார் முன்னாலும் வாசித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். முதல் பெஞ்சுக்காரி எழுந்து, "டீச்சர், தலையை ஆட்டினா மேட்ச் ஆரம்பிக்குமாம் டீச்சர்!" என்றாள். இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தால் தலையைத் தலையை ஆட்டுகிறார்கள். என் பெயரே புளுகுமூட்டை ஆகிவிட்டது. நான் நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சபதம் செய்திருக்கிறேன்.

உங்கள் அன்பு மருமகள்


மார்ச் 6

என் தங்கமான வக்கீலம்மாவுக்கு,

மாமா அசுர பலத்தோடு இருக்கிறேன். அம்மாவின் கைக்குத் தைலத்தோடு வெந்நீர் ஒத்தடமும் கொடு.

அந்த முதல் பெஞ்சுக்காரிக்குப் பொறாமை. புகழ் உள்ளவர்களுக்கு இதெல்லாம் சகஜம். என்னைப் பார். எத்தனை பேர் பொறாமைப்படுகிறார்கள்! எனக்குத் தூக்கம் கெடுகிறதா?

வருவதைப் பொறுத்தவரை மார்ச் முழுக்கப் புல்லுக்கு ஓய்வு. ஏப்ரலில் இருக்கைகளுக்கு வர்ணம் அடிக்கிறார்கள், உட்கார்ந்தால் பாவாடை பச்சையாகிவிடும். அதன்பின் வெளிநாட்டிலிருந்து சில பெரியவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்க வருவதாகப் பேச்சு. என் மேஜை எந்த அறையில் என்று கேட்டாய். ஒரே அறையில் அடைத்து வைக்கக்கூடிய ஆளா உன் மாமா? இந்த மைதானம் முழுக்க என் மேஜைதான்.

அடுத்த வருஷம் நிச்சயம்.

மைதானத்தின் முதுகெலும்பான
உன் மாமா


மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உனக்கு இருமல் போய்விட்டதா? போன மழையில் ஆரம்பித்தது. நீ எழுதமாட்டாய், நானாகக் கேட்டால்தான் உண்டு.

உன் கடிதத்தைக் குழந்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டு, "மாமாவுக்கு நாம வர்றது பிடிக்கலையாம்மா?" என்று கேட்டாள். நேற்று பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். வெளியே இழுக்க அரை மணி நேரம் ஆயிற்று.

மே 18 ஞாயிறு. அன்று எனக்குத் தையல் பட்டறை விடுமுறை. அங்கே ஆட்டம் இருக்கிறது என்று பேப்பரில் பார்த்தேன். காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் பத்தரைக்கு வந்துவிடுவோம். ஆட்டம் முடிந்ததும் திரும்பும் பஸ் இருக்கிறது. நல்ல இருக்கை வேண்டாம். யாரோடும் கைகுலுக்க வேண்டாம். நீ அங்கே இருப்பாயா? அதை மட்டும் எழுது.

உன் தங்கை


மே 2

அன்புத் தங்கச்சிக்கு,

ஆறு வாரமாக எழுதவில்லை. பேனா ரிப்பேர். நீயும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருமல் என்னைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டது.

வாருங்கள். இரண்டாம் எண் வாசலில் நிற்பேன். வடக்குக் கோலுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் இரண்டு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். விவரம் தெரியாதவர்கள் நடுவில் உட்காருவார்கள். அமைச்சர்கள் எல்லாம் அடித்துக்கொள்வது கோலுக்குப் பின்னால் இருக்கும் இடத்துக்குத்தான்.

தங்கச்சி, ஒன்று சொல்ல வேண்டும். நான் இங்கே செய்கிற வேலை வந்து, அதாவது, ஆபீஸ் என்றால் அது ஒரு மாதிரியான

அதை நேரில் பேசிக்கொள்ளலாம். அன்றைக்குப் பெரிய இடத்துச் சந்திப்புகள் இருப்பதால் நான் கோட்டு சூட்டில் இருப்பேன். என்னைப் பார்த்ததும் யாரோ கவர்னர் என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள்.

உன் அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணனுக்கு,

மே மாத வெயிலுக்குக் கோட்டு எதற்கு? எப்போதும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போவதையே போட்டுக்கொண்டு வா. வருகிறோம். குழந்தை இன்றைக்கே பையை எடுத்து வைத்துவிட்டாள்.

உன் தங்கை


மே 24

அன்புத் தங்கச்சிக்கும் வக்கீலம்மாவுக்கும்,

பஸ்ஸில் இடுப்பு வலிக்காமல் போய்ச் சேர்ந்தீர்களா? எனக்கு இந்த ஒரு வாரமாகக் கால் தரையில் படவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் மேலே உட்கார்ந்து பார்த்தீர்கள். மேலேயிருந்து பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், என்ன தெரியும்? கீழே உள்ளபடி நடந்ததை நான் எழுதுகிறேன். பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் சரித்திரம் எழுதுகிறவர்கள் கேட்டு வருவார்கள்.

உங்களை உட்காரவைத்துவிட்டு, "பெரியவங்க காத்திருக்காங்க, பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன் அல்லவா? போனது நாலாவது தூணுக்குப் பின்னால். அங்கே நின்றுதான் நான் மொத்த ஆட்டத்தையும் கண்காணிப்பது. கோட்டு கொஞ்சம் இறுக்கம். எதிர்வீட்டு போட்டோகிராபர் என்னைவிட ஒரு சுற்று இளைத்தவர். (அது அவருடைய கோட்டு என்று நான் சொல்லவில்லை. ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன்.)

இரண்டாவது பாதி. இரண்டு பக்கமும் கோல் இல்லை. இந்த ஆட்டத்தில் ஜெயித்தால்தான் எங்கள் அணி மேல் பிரிவுக்குப் போகும், சமன் ஆனால்கூடப் போச்சு. அறுபத்தோராவது நிமிஷம். எங்கள் ஒன்பதாம் நம்பர் ஓடி வந்து வடக்குக் கோலைப் பார்த்து ஓர் உதை விட்டான் பார், பீரங்கி! பந்து வலைக்குள் கிடக்கிறது. முப்பதாயிரம் பேரும் எழுந்துவிட்டார்கள். தொப்பிகள் பறக்கின்றன. பலகையில் ஒன்று என்று மாட்டிவிட்டார்கள். அப்போது எதிரணியின் கோல்கீப்பர், அந்த ஒட்டடைக்குச்சி, நடுவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "சார், இங்க பாருங்க சார். பந்து வெளியில போச்சு சார். இந்தச் சந்து வழியாத்தான் உள்ள வந்துச்சு" என்கிறான்.

பார்த்தால், இடது கம்பத்தின் அடியில் வலை கம்பத்தை விட்டு விலகி நிற்கிறது. ஓர் ஆள் தலையை விட்டு எட்டிப்பார்க்கிற அளவு இடைவெளி. வலையைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டுகிற கயிறு அங்கே இல்லை. எலி கடித்திருக்க வேண்டும். எங்கள் மைதானத்து எலிகள் கன்றுக்குட்டி சைஸில் இருக்கும்.

கோல் இல்லை என்றார் நடுவர். கூட்டம் கொதித்துப்போயிற்று. நடுவர் அசைய வேண்டுமே! "வலையைக் கட்டுங்க. கட்டினாத்தான் ஆட்டம். கால் மணி நேரம் பார்ப்பேன், அப்புறம் ஆட்டம் ரத்து" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். ரத்து என்றால் தப்பு மைதானத்துக்காரர்கள் தலையில். அதாவது தோல்வி.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். "வலை கட்டுபவர் உடனே வடக்குக் கோலுக்கு வரவும்."

நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். கோட்டு பட்டன் எல்லாம் போட்டிருந்தேன். மூன்றாவது வரிசை அங்கேயிருந்து தெரியும். குழந்தை முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலை கட்டுபவர் எங்கிருந்தாலும் வரவும்." இரண்டாவது தடவை.

நீங்கள் என்ன நினைத்தீர்களோ தெரியாது. அந்த நேரத்தில் நான் ஒரு பெரிய ராணுவத் தளபதி மாதிரி நிலைமையை அளந்துகொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் நான் கோட்டைக் கழற்றிவிட்டேன். கழற்றும்போது அக்குளில் டர்ரென்று கிழிந்தது. உள்ளே வேலை பனியன். முதுகில் 'மைதானப் பணியாளர்' என்று கொட்டை எழுத்து. கோடு தாண்டி உள்ளே ஓடினேன். முப்பதாயிரம் பேரும், "வந்துட்டான்யா! வந்துட்டான்!" என்று கூவினார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தெரு ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கியதாகக் கேள்வி.

மண்டியிட்டுப் பார்த்தால், கையில் கயிறு இல்லை. கயிற்றுச் சுருள் கிடங்கில். கிடங்குச் சாவி என் வேலைக் கால்சட்டையில். வேலைக் கால்சட்டை என் அறையில் ஆணியில் தொங்குகிறது. புல்வெட்டுகிறவர் ஒட்டுகிற டேப்பைக் கொண்டுவந்து நீட்டினார். நடுவர், "இது வலையா, பரிசுப் பொட்டலமா?" என்று தள்ளிவிட்டார். எட்டு நிமிஷம் போய்விட்டது. மேனேஜரின் முகம் சுண்ணாம்பு.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "மாமா! இந்தாங்க!"

திரும்பினால், தடுப்புக் கம்பிமேல் ஏறி நிற்கிறாள் நம் வக்கீலம்மா. எறிந்தாள். காற்றில் சுழன்று வந்து என் நெஞ்சில் விழுந்தது ஓர் உருண்டை. வெள்ளைக் கயிறு. நான் தினமும் தொடுகிற அதே வலை நூல்!

எப்படி என்று யோசிக்க நேரம் ஏது? கம்பத்தைச் சுற்றி, கண்ணியில் நுழைத்து, இழுத்து, முடிச்சு. அடுத்த கண்ணி. முடிச்சு. கூட்டம் ஒவ்வொரு முடிச்சுக்கும் கை தட்டி எண்ண ஆரம்பித்தது. பதினாறாவது முடிச்சில் எழுந்தேன். நடுவர் வந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். காலால் உதைத்துப் பார்த்தார். அப்புறம் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் தலையை அசைத்தேன்.

விசில்! இதை உன் முதல் பெஞ்சுக்காரியிடம் சொல்.

மீதி உங்களுக்கே தெரியும். எண்பத்து மூன்றாவது நிமிஷம், அதே ஒன்பதாம் நம்பர், அதே கோல். இந்தத் தடவை கம்பத்துக்கு உள்பக்கம். பந்து சரியாக என் பதினாறு முடிச்சில் போய் இடித்து, அப்படியே அங்கே உட்கார்ந்தது. நான் பிடித்த பந்து என்று சொன்னால் அதில் பொய் இல்லை. ஜெயித்தோம். மேல் பிரிவு!

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் என்னைத் தனியறைக்கு அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார். என்ன பேசினார் என்பது நிர்வாக ரகசியம்.

உன் அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, நேற்றுதான் சரியானது. கத்தியதால்.

உங்கள் கடிதத்தில் சில திருத்தங்கள். முப்பதாயிரம் பேர் இல்லை. வாசல் பலகையில் ஆறாயிரத்து இருநூறு இருக்கைகள் என்று எழுதியிருக்கிறது, என் பக்கத்திலேயே நாலு இருக்கை காலி. நீங்கள் ஓடவில்லை, முதலில் நடந்தீர்கள், பிறகு ஓடினீர்கள். முடிச்சு பதினாறு இல்லை, பதினேழு. கடைசி முடிச்சு போடும்போது நீங்கள் எண்ணாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இதில் மட்டும் நீங்கள் குறைத்து எழுதியிருக்கிறீர்கள், ஆச்சரியமாக இருக்கிறது.

எலியும் இல்லையாம். கடித்தால் நுனி பிசிறு பிசிறாக இருக்கும், அங்கே கயிறே இல்லை என்கிறாள் அம்மா. அவள் பட்டறையில் எலி இருக்கிறது, அவளுக்குத் தெரியும்.

ஆனால் தலையசைத்தது நிஜம். நான் பார்த்தேன். நடுவர் உங்களைப் பார்த்தார், நீங்கள் அசைத்தீர்கள், விசில் அடித்தார். முன்பெல்லாம் நீங்கள் எழுதினால் பாதிதான் நம்புவேன். இதை நீங்கள் எழுதாமலே நம்புவேன்.

வகுப்பில் ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. யாருமே நம்பவில்லை மாமா! முதல் பெஞ்சுக்காரி, "போன தடவை தலைய ஆட்டினாரு, இந்தத் தடவை உங்க வீட்டுக் கயித்தையே கேட்டாராக்கும்?" என்றாள். பேப்பரில் வந்த படத்தை வெட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அதில் உங்கள் முதுகு மட்டும்தான் இருக்கிறது. "முதுகு யாருக்குத்தான் இல்ல?" என்கிறாள்.

பரவாயில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

உங்கள் அன்பு மருமகள்


ஜூன் 20

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே நிர்வாகம் என் உடல்நலத்தில் அக்கறை கொண்டு பதினைந்து நாள் கட்டாய ஓய்வு கொடுத்தது. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. ஓய்வு முடிந்து நேற்று வேலைக்குத் திரும்பிவிட்டேன். இனி ஆட்டத்தன்று காலையில் நான் வலையைச் சரிபார்த்து நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் வாசலையே திறப்பார்களாம். இதற்குமுன் யாரிடமும் கையெழுத்து வாங்கியது கிடையாது.

ஓய்வில் சும்மா இருக்கக் கை கேட்கவில்லை. வக்கீலம்மாவின் பள்ளிக்கூடத்தில் கோல் கம்பம் உண்டு, வலை கிடையாது என்று அன்றைக்கு அவள் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு வலை பின்னி அனுப்பியிருக்கிறேன். கட்ட வேண்டிய முறையைக் காகிதத்தில் படம் போட்டிருக்கிறேன். சந்தேகம் வந்தால் உன்னைக் கேட்கச் சொல்.

தங்கச்சி, ஒரு விஷயம். அன்றைக்கு அந்தக் கயிற்று உருண்டை உன் பையில் எப்படி இருந்தது? வெளியூருக்கு ஒரு நாள் பயணம் வருகிறவர்கள் தண்ணீர் கொண்டுவருவார்கள், ரொட்டி கொண்டுவருவார்கள். வலை நூல் யார் கொண்டுவருவார்கள்? நீ அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நானும் கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

உன் அண்ணன்


ஜூலை 28

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். என் முழங்கை இப்போது தேவலை. அன்றைக்கு வந்தபோது உங்கள் மைதானத்து வாசல் காவலாளியிடம் உன் இருமலைப் பற்றி விசாரித்தேன், இன்னும் இருக்கிறது என்றார். மருந்து சாப்பிடு.

வலை வந்து ஒரு மாதம் ஆகிறது. உடனே எழுதாததற்குக் காரணம், கட்டி முடித்து ஓர் ஆட்டம் நடந்த பிறகு எழுதலாம் என்றுதான். போன வெள்ளிக்கிழமை நடந்தது. பட்டறையில் அரை நாள் கேட்டுக்கொண்டு நானும் போனேன்.

பார்சலை வகுப்பிலேயே பிரித்தார்கள். விளையாட்டு வாத்தியார் முடிச்சோடு போராடிவிட்டுக் கத்தி கேட்டார். குழந்தை, "வேணாம் சார், அது எங்க மாமா முடிச்சு" என்று தடுத்துவிட்டு, என்னைப் போலவே நகத்தால் நெம்பி அவிழ்த்தாளாம். அந்த முதல் பெஞ்சுக்காரி கூடவே நின்று பார்த்திருக்கிறாள். மைதானத்தில் கட்டும்போது அவளே வந்து நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"நிஜமாவே உங்க மாமா செஞ்சதாடி?"

"பின்ன யாரு செய்வா? அவரு வலை கட்டறவரு."

இதைச் சொன்னபோது உன் மருமகளின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், அண்ணா. அன்றைக்கு அந்த ஒன்பதாம் நம்பருக்குக்கூட அப்படி ஒரு முகம் இல்லை. முதல் பந்தை முதல் பெஞ்சுக்காரியைத்தான் உதைக்கச் சொன்னாள். உதைப்பதற்கு முன்னால் அந்தப் பெண் நின்று இவளைத் திரும்பிப் பார்த்தாள். இவள் தலையை அசைத்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பந்து வலையில் போய் விழுந்ததும் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு வாத்தியார் வெளியே ஓடிவந்துவிட்டார்.

இனி நீ கேட்டது.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது ஒரு போர்வை அனுப்பினாய். அதுதான் முதல் பார்சல். எங்கள் கடைகளில் பார்சலுக்குச் சணல்தான் கட்டுவார்கள். உன்னுடையதில் வெள்ளை நூல், நனைந்தாலும் இற்றுப்போகாத நூல். முடிச்சு இரண்டு சுற்று, ஒரு மடக்கு. இழுக்க இழுக்க இறுகும். நான் நாள் முழுக்க நூலோடு இருக்கிறவள். ஆபீஸில் உட்காருகிற கைக்கு அந்த முடிச்சு வராது. அடுத்த மாதமே பேப்பரில் உங்கள் மைதானத்துக் கோல் படம் வந்தது. கம்பத்தில் அதே முடிச்சு. அன்றைக்கே தெரியும்.

நான் கேட்கவில்லை. நீ எழுதுவதைப் படிக்க எனக்குப் பிடிக்கும். படித்துவிட்டு முடிச்சைப் பார்ப்பேன். இவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறவன் எங்கே இருந்தாலும் நன்றாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். அவிழ்த்த கயிற்றை எல்லாம் ஒன்றோடு ஒன்று முடிந்து சுற்றி வைத்தேன். ஒன்பது வருஷத்துக் கயிறு.

குழந்தை உன்னைத் தேடி மேஜையும் நாற்காலியுமாக அலைவதற்கு முன்னால், உன்னிடம் தனியாக அந்த உருண்டையைக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் கொண்டுவந்தேன். அதைப் பார்த்தாலே நீ புரிந்துகொள்வாய். வாசலில் கோட்டோடு உன்னைப் பார்த்ததும் கையில் எடுத்தேன். நீ, "கைகுலுக்கிக் குலுக்கிக் கையே வலிக்குது" என்றாய். மறுபடி பைக்குள் போட்டுவிட்டேன்.

ஒலிபெருக்கி மூன்றாவது தடவை கூப்பிடும்முன் நீ தூணைவிட்டு வெளியே வந்தாய் பார், அப்போதுதான் குழந்தையின் கையில் அதைக் கொடுத்தேன். "மாமாவுக்கு வேணும், ஓடு" என்றேன்.

பள்ளிக்கூட வலைப் பார்சலின் கயிறு வந்து சேர்ந்தது. மறுபடி ஒன்றிலிருந்து சுற்ற ஆரம்பித்திருக்கிறேன்.

உன் தங்கை


ஆகஸ்டு 8

அன்புத் தங்கச்சிக்கு,

மருந்து வாங்கிவிட்டேன். சாப்பிடுகிறேன்.

எலி எதுவும் இல்லை. ஆட்டத்தன்று காலை எட்டு மணிக்கு வடக்கு வலையைக் கட்டிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து கட்டிக்கொண்டு வந்தவன், கடைசிப் பதினேழு முடிச்சு இருக்கும்போது, முந்தின நாள் எடுத்து வைத்த கயிறு தீர்ந்துபோய், கிடங்குக்குள் நுழைந்தால் கோட்டு அழுக்காகிவிடும் என்று நிறுத்தினேன். அப்புறம் வந்து முடிக்கலாம் என்று வாசலுக்குப் போனேன். பஸ் சீக்கிரம் வந்துவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் தனியாக நிற்பீர்களே என்று பத்தரை வரை அங்கேயே நின்றேன். உங்களைப் பார்த்ததும் வலை மறந்துபோயிற்று. பதினேழு என்று குழந்தை சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள்.

மேனேஜரிடம் இதைச் சொன்னேன். பதினைந்து நாள் அதற்குத்தான். வேறு ரகசியம் எதுவும் இல்லை.

இரண்டு நாள் முன்னால் வடக்கு வலையைக் கழற்றித் துவைக்கச் சொன்னார்கள். எல்லாக் கயிற்றையும் அவிழ்த்தேன், அந்த இடது கம்பத்து அடியில் மட்டும் அவிழ்க்கவில்லை. உன் கயிறு அங்கேயே இருக்கிறது. என் முடிச்சுக்கு நடுவில் நடுவில், கயிற்றோடு கயிறு சேர்க்க நீ போட்ட சின்ன முடிச்சுகளும் தெரிகின்றன. நடுவர்கள் வந்து, "இது என்னய்யா இங்க மட்டும் வேற மாதிரி இருக்கு?" என்று கேட்கிறார்கள். குடும்ப விஷயம் என்று சொல்கிறேன்.

மேல் பிரிவின் முதல் ஆட்டம் அடுத்த மாதம் இருபத்தோராம் தேதி. இருவரும் வாருங்கள். முதல் பெஞ்சுக்காரி வந்தாலும் சரி. கோட்டு தையற்கடையில் கிடக்கிறது, கிடக்கட்டும். வேலைக்குப் போட்டுக்கொண்டு போவதையே போட்டுக்கொண்டு நிற்பேன். வாசலில் இல்லை, வடக்குக் கோலில் பாருங்கள். அன்றைக்கு நாற்பதாயிரம் பேர் வருவார்கள் என்று பேச்சு.

(வக்கீலம்மாவுக்கு: சரி, சரி. ஆறாயிரத்து இருநூறு.)

வலை கட்டுபவரும், பூமியில் இதுவரை பிறந்த வலை கட்டுபவர்களிலேயே முதல்வனுமான
உன் அண்ணன்